எபநேசர் கேட்ட தனி அண்டா

தேவாலயத்தின் பழைய மணிக்கூண்டை இடிப்பதா, பழுதுபார்ப்பதா என்று ஆலங்கிணறு சபை இரண்டுபட்டுக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து அசனப் பண்டிகையும் வந்தது. வீட்டுக்கு வீடு கொண்டுவரும் அரிசியைக் கோயிலில் ஒன்றாகக் கொட்டிச் சமைத்து, சபை முழுக்க ஒரே பந்தியில் சாப்பிடுவதுதான் அசனம்.

செயலாளர் நவமணி எபநேசர் இடிக்கிற கட்சி. வேட்டி மடிப்புக் கலையாமல் சமையல் பந்தலுக்கு வந்தார். மணியடித்து, கோயிலைப் பெருக்கி, அசனத்துக்குச் சோறும் வடிக்கிற கோயில்குட்டி மாசிலாமணியைக் கூப்பிட்டார்.

"ஏல, எங்க கட்சி அரிசியைப் பிரிச்சுத் தனி அண்டாவுல போடு. அவனுக கூட ஒரே சோத்தைத் திங்க மாட்டோம்."

"எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டியாச்சேய்யா."

"அது உன் பாடு. பிரிக்கலைன்னா நாளையிலருந்து வேலைக்கு வராத."

மாசிலாமணி அரிசிக் குவியலைப் பார்த்தார். பிறகு செயலாளரைப் பார்த்தார்.

"பிரிச்சிருதேன்யா. முதல்ல எல்லாத்தையும் ஒரே உலையில போடுதேன். மத்ததோட சேர்ந்து வேகாம எது விறைச்சுக்கிட்டு நிக்கோ, அது உங்க அரிசி. பொறுக்கி உங்க இலையில வச்சிருதேன்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். எபநேசரின் மனைவியும் அவர்களில் இருந்தார்.

மதியப் பந்தியில் எதிர்க்கட்சிக் கிருபாகரன் வாத்தியார் எபநேசருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"மணிக்கூண்டை இடிக்கத்தான் போறோம் வாத்தியாரே."

"நான் விடப்போறதில்ல. அதைக் கமிட்டியில பேசுவோம். இப்ப சாம்பாரை இங்கிட்டுத் தள்ளும்."

மாசிலாமணி சோற்றுக் கூடையோடு வந்து நின்றார். "உங்களுக்குன்னு தனியா ஒண்ணும் தேறலைய்யா."

எபநேசர் வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கினார்.

"எல்லாம் நல்லாத்தாம்ல வெந்திருக்கு. இன்னும் ரெண்டு கை வை. நாளைக்கு மணியடிக்கப் பிந்திராத."