மெல்லச்சொல்

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. குருவுக்குத் தாடியும் கிடையாது, ஆசிரமமும் கிடையாது. பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீடும், தீராத முதுகுவலியும், உயிரை வாங்கும் ஒரு கம்பெனி வேலையும் இருந்தன. பெயர் எப்சிபா.

வேலை போக மிஞ்சிய நேரத்தில் அவள் ஒரு கணினி மொழி செய்திருந்தாள். தமிழ்ச் சொற்களால் ஆன சின்ன மொழி. தட்டான் என்று பெயர். அதில் எழுதும் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகளை, வரிவரியாகப் படித்துச் செய்து காட்டும் இன்டர்பிரிட்டரையும் அவளே எழுதினாள். யாரும் கேட்டு எழுதவில்லை. தட்டானில் எழுதுகிறவர்கள் எல்லோரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம். யாரும் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

அந்த ஆட்டோவில் ஒருவர் கொம்பையா. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். நூலகத்தில் எப்சிபா நடத்திய இலவச வகுப்பில் தட்டானைக் கற்றுக்கொண்டார். அவருடைய மனைவி ஆவுடையம்மாளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. தலையும் இடது கை விரல்களும் மட்டும் கொஞ்சம் அசையும். அவளுக்காகக் கொம்பையா ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். லேப்டாப்பில் ஓர் எண்ணை அழுத்தினால் அது ஒரு வாக்கியம் பேசும். ஒன்று, தண்ணி வேணும். இரண்டு, திருப்பிப் படுக்க வைங்க. இப்படி ஒன்பது. இரண்டு வருஷமாக ஆவுடையம்மாளுக்கு வாய் அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொம்பையா லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு குருவின் வீட்டு மாடிப்படி ஏறினார். ஏறி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க அண்ணாச்சி. என்ன, மூஞ்சியே சரியில்ல?"

"பேச மாட்டேங்கு டீச்சர்."

"எது?"

"உங்க தட்டான்தான். புதுசு வந்திருக்கு, ஏத்தவான்னு நேத்து கேட்டுச்சு. சரின்னு அமுக்கிட்டேன். காலையில போட்டா அப்படியே நிக்கி. அவ பட்டனத் தட்டித் தட்டிப் பாத்துட்டு என்னையே பாக்கா. எனக்குத் தாங்கல."

"மதினி பக்கத்துல இப்ப யாரு இருக்கா?"

"கொழுந்தியா வந்திருக்கா."

எப்சிபா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண் சொருகியது. தலையை உதறிக்கொண்டார்.

"நின்னா, ஏன் நிக்கேன்னு சொல்லிருக்குமே. வாசிச்சியளா?"

"சிவப்பா என்னமோ வந்துச்சு. அத வாசிக்கத் தெம்பு இல்ல."

தெம்பு இல்லாதவர்களை எப்சிபாவுக்குத் தெரியும். கம்பெனி வேலை முடிந்து அவள் படுத்ததே விடிந்த பிறகுதான். இந்தத் தட்டானை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று அவளே பல தடவை யோசித்திருக்கிறாள். ஓடினால் யாரும் நல்லா இருக்கு என்று சொல்லப் போவதில்லை. நின்றால் மட்டும் படி ஏறி வருவார்கள்.

"பழசையே போட்டுக் குடுங்க டீச்சர். நான் போய்ச் சேருதேன்."

"பழசுல என்ன நல்லாருந்துச்சு?"

"ஓடுச்சு."

"புரியாத வரி வந்தா அது என்ன செய்யும் தெரியுமா?"

"தாண்டிப் போயிரும். நீங்கதான வகுப்புல சொன்னிய."

"சொன்னேன்."

"அது நல்லதுதான டீச்சர்? ஒரு வரி புரியலன்னா அத விட்டுட்டு அடுத்த வரிக்குப் போகணும். எதுக்கு நிக்கணும்? நான் ரெண்டு வருசமா அப்படித்தான் ஓட்டுதேன். எல்லாம் புரிஞ்சாத்தான் நடப்பேன்னா காலையில எந்திரிக்கவே முடியாது."

எப்சிபா அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்டது தட்டானைப் பற்றி மட்டும் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, பழைய இன்டர்பிரிட்டரை ஏற்றினாள். ஸ்கிரிப்டை ஓட்டினாள். தட்டான் எந்தக் குறையும் சொல்லாமல் வேலைக்குத் தயாரானது.

கொம்பையா ஒன்றாம் எண்ணை அழுத்தினார். தண்ணி வேணும் என்றது லேப்டாப்.

"அவ்வளவுதான். போதும்." பையை எடுத்தார். முகத்தில் களை திரும்பியிருந்தது.

"எல்லாத்தையும் அமுக்கிப் பாத்துட்டுப் போங்க."

"எதுக்கு? ஓடுதுல்லா."

"இவ்வளவு தூரம் வந்துட்டிய. பாத்துட்டுப் போங்க."

அவர் நின்றுகொண்டே ஒவ்வொன்றாக அழுத்தினார். திருப்பிப் படுக்க வைங்க. ஃபேனக் கொறைங்க. பசிக்கி. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டார். ஏழாம் எண்ணை அழுத்தினார். லேப்டாப் ஒன்றும் சொல்லவில்லை. எட்டுக்குப் போனார்.

"ஏழு?" என்றாள் எப்சிபா.

"அது பேசாது. அவ அத அமுக்கவும் மாட்டா."

"எப்படித் தெரியும்?"

"அமுக்குனா பேசிருக்கணும்லா? ஒரு நாளும் பேசுனதில்ல."

"மதினி விரல் அந்தப் பக்கம் போறதே இல்லையா?"

கொம்பையா கொஞ்சம் யோசித்தார். "போகும். ராத்திரி ஆனா அந்த ஓரத்துலதான் தட்டிக்கிட்டே கெடப்பா. நடுக்கம். பாவமா இருக்கும். நான் அந்தக் கையப் புடிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். விடியந்தண்டியும் உக்காந்திருப்பேன்."

எப்சிபா மறுபடியும் புதிய இன்டர்பிரிட்டரை ஏற்றினாள். அது ஓடுவதற்கு முன்பே ஸ்கிரிப்டை முழுக்கப் படித்துப் பார்க்கும். பார்த்தது. நின்றது. சிவப்பில் இரண்டு வரி வந்தது. அவள் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"வாசிங்க."

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். எழுத்துக் கூட்டுகிறவரைப் போல மெதுவாக வாசித்தார்.

"பதினேழாம் வரி. மெல்லச்சொல் என்றால் எனக்குத் தெரியாது. நிற்கிறேன்."

"மெல்லச்சொல்னு எழுதுனது யாரு?"

"நான்தான். மத்ததுக்கெல்லாம் சொல்னு போட்டேன். இது ராத்திரி சொல்லுத வார்த்தை. சத்தமாச் சொல்லாண்டாம்னு மெல்லச்சொல்னு போட்டேன்."

"அப்படி ஒரு கட்டளை தட்டான்ல கிடையாது அண்ணாச்சி."

"கிடையாதா?"

"நான் வைக்கவே இல்ல."

"தமிழ்தான? புரியும்னு நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"புரியலன்னு அது ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்," என்றார் கொம்பையா.

"சொல்லிருக்கலாம். நான்தான் சொல்லாதேன்னு வச்சிருந்தேன். மொத வகுப்புல சிவப்பு எழுத்தப் பாத்துட்டுப் பாதிப் பேரு திரும்பி வரல. பாவம், பயப்படுதாங்க, தாண்டிப் போகட்டும்னு எழுதிட்டேன். போன மாசம் ஒருத்தரு மொத்த ஸ்கிரிப்டையும் தப்பா எழுதிக் கொண்டாந்தாரு. தட்டான் ஒரு வரிகூடச் செய்யாம, முடிந்தது, நன்றின்னு சொல்லிச்சு. அதுக்கப்புறந்தான் மாத்துனேன்."

கொம்பையா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பதினேழாம் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லச்சொல்லுக்கு அடுத்து, ஏழாம் எண் பேச வேண்டிய வாக்கியம் இருந்தது. அவரே தட்டச்சு செய்தது.

"நீங்க போய்ப் படுங்க," என்று வாசித்தார்.

"இத யாரு சொன்னா?"

"எந்தெந்த வாக்கியம் வேணும்னு கொழுந்தியா அவகிட்ட ஒவ்வொண்ணா வாசிச்சுக் கேட்டா. வேணும்னா அவ தலையாட்டுனா. இதுக்கு ரெண்டு தரம் ஆட்டுனா." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம் ஒரு நாளும் சொல்லலன்ன உடனே, மனசு மாறிட்டான்னு எடுத்துக்கிட்டேன். நான் பக்கத்துல இருக்கணும்னு ஆசப்படுதான்னு."

எப்சிபா உள்ளே போய் இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பிறகு தன் மேஜையில் உட்கார்ந்து தட்டானைத் திறந்தாள். பதினேழாம் வரியில் மெல்லச்சொல்லை அழித்து, வெறும் சொல் என்று போட்டிருந்தால் அரை நிமிஷ வேலை. அவள் அதைச் செய்யவில்லை. மெல்லச்சொல் என்றால் என்ன என்று தட்டானுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள். முதல் தடவை குரல் கரகரவென்று வந்தது. அடுத்த தடவை வரவே இல்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள். கொம்பையா நாற்காலியிலேயே தூங்கிப்போனார். காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

வெயில் மாடிக்குள் வந்த பிறகு அவள் அவரை எழுப்பினாள்.

"அண்ணாச்சி. ஏழ அமுக்குங்க."

அழுத்தினார். பக்கத்து அறைக்குக் கேட்காத குரலில், லேப்டாப் சொன்னது.

நீங்க போய்ப் படுங்க.

அவர் கையை எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார். அது மறுபடி சொன்னது. அவருக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் அழுதார். எப்சிபா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தூக்கம் வந்தது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"போ, போன்னு சொல்லிருக்கா. நான் போகாமக் கையப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்திருக்கேன். நான் இருந்தது அவளுக்குப் புடிக்கலையோ?"

"நீங்க கையப் புடிச்சதும் என்ன செய்வாங்க?"

"தட்டுறது நின்னுரும்."

"கைய உருவிக்கிடுவாங்களா?"

"இல்ல."

"ஒரு நாளும்?"

"இல்ல. விரல மடக்கி வச்சுக்கிடுவா."

எப்சிபா லேப்டாப்பை மூடித் துணிப்பைக்குள் வைத்து, பையை அவர் மடியில் வைத்தாள்.

"அப்போ போங்க, இருங்க, ரெண்டையும் சொல்லிருக்காங்க அண்ணாச்சி. ஒண்ணுதான் இது வரைக்கும் கேட்டிருக்கு. இன்னைக்கு மத்ததையும் கேட்டுட்டு, போய்ப் படுங்க."