கொடுக்கனின் பழைய ஓடு

கடற்கரைப் பாறைகளுக்கு நடுவே ஒரு குழி. கடல் உள்வாங்கினாலும் அதில் தண்ணீர் வற்றாது. அதுதான் சங்கு நண்டுகளின் ஊர்.

சங்கு நண்டுக்கு முன்பக்கம் கொடுக்கு உண்டு, கால் உண்டு. பின்பக்கம் வெறும் சதை. அதனால் காலியாகக் கிடக்கும் சங்கு எதையாவது பிடித்து, அதற்குள் பின்பக்கத்தை நுழைத்துக்கொள்ளும். அதுதான் வீடு, அதுதான் சட்டை. உடம்பு வளர்ந்தால் ஓடு இடிக்கும். இடித்தால் அடுத்த பெரிய ஓட்டுக்கு மாறிவிட வேண்டியதுதான்.

இந்த ஊரில் பிறந்தவன்தான் கொடுக்கன். இளவட்டமாக இருந்தபோது ஒருநாள், "இந்தச் சின்னக் குழியில எந்த நண்டு இருக்கும்!" என்று சொல்லிவிட்டு, தன் வரிக்கோட்டு ஓட்டைக் கழற்றிப் போட்டான். கொஞ்சம் பெரிய ஓட்டில் புகுந்துகொண்டு, ஆழத்தில் இருந்த பவளப் பாறைக்குப் போய்விட்டான்.

அங்கே நன்றாகத்தான் இருந்தான். நன்றாகத் தின்றான், நன்றாக வளர்ந்தான். நாலு ஓடு மாறினான். நாலாவது ஓடும் இடிக்கத் தொடங்கியது. திரும்பினால் முதுகில் குத்தும். படுத்தால் விலாவில் குத்தும்.

"எங்க ஊர்ல ஒரு ஓடு வச்சிருந்தேன்! பட்டு மாதிரி இருக்கும். ஒருநாளும் இடிச்சதே இல்ல!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

சொல்லச் சொல்ல ஆசை முற்றியது. ஒரு விடியற்காலையில் ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டான்.

வந்து எட்டிப் பார்த்தான். திக்கென்றது. "இவ்வளவுதானா!"

சின்ன வயதில் மலை என்று நினைத்து ஏறி, மூன்று முறை வழுக்கி விழுந்த வெள்ளைக் கல் அங்கேயே கிடந்தது. இப்போது அதை ஒரே எட்டில் தாண்டிவிட்டான். சிரிப்பு வந்தது. தாண்டிய பிறகு என்னவோ போல் இருந்தது. அது இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்திருக்கலாம் என்று பட்டது.

"யாரது எங்க மலையைத் தாண்டுறது? மரியாதையா ஏறி எறங்கு!" என்று ஒரு குரல் கேட்டது.

உப்பிலி என்ற உளுவை மீன் பாசிக்குள்ளிருந்து தலையை நீட்டினான். கொடுக்கனோடு சேர்ந்து இதே கல்லில் வழுக்கியவன் அவன்.

"ஏலே, கொடுக்கனா! இடது கண்ணு சாய்ஞ்சிருக்கு, அவனேதான்! எந்த நண்டு இருக்கும்னு கேட்டுட்டுப் போனியே, வந்து எண்ணிப் பாரு! நாப்பது நண்டு இருக்கு!"

"அதை இன்னும் மறக்கலையா நீ?"

"மறக்கிறதுக்கு இந்த ஊர்ல வேற என்ன நடந்துது?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சத்தம் கேட்டு நண்டுகள் எல்லாம் வந்துவிட்டன. பெருங்காலன் அண்ணாச்சிதான் ஊரிலேயே பெரிய நண்டு. அவர் கொடுக்கனை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லா வளந்துட்டியே தம்பி! என்னையே மிஞ்சிட்டியே!" என்றார். அதோடு நிற்காமல் குழியின் மூலையை ஒரு பார்வை பார்த்தார். அங்கே ஒரு பெரிய வெள்ளைச் சங்கு கிடந்தது. மற்ற நண்டுகளும் சங்கைப் பார்த்தன, கொடுக்கனைப் பார்த்தன, மறுபடி சங்கைப் பார்த்தன.

"நீ வந்தது நல்லதாப் போச்சு. அந்தச் சங்கு இருக்கு பாரு..." என்று உப்பிலி தொடங்கினான்.

"சங்கு கிடக்கட்டும் விடு! என் வரிக்கோட்டு ஓடு எங்கே?"

"இங்கே இருக்கு அண்ணே. நான் குடியிருக்கேன்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் பொட்டு. உருவம்தான் சிறியது, வாய் பெரியது. அவள் மேல் இருந்தது அதே ஓடு! அதே மூன்று வரிக்கோடு! விளிம்பில் அதே சின்ன உடைசல்! கொடுக்கனுக்கு அதைத் தொட்டுப் பார்க்க ஆசை பொங்கியது. கூடவே, தன் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்களே என்று கோபமும் வந்தது.

"அம்மா, ஒரே ஒரு தடவை அதுக்குள்ள இருந்து பார்த்துக்கிறேன்."

"எனக்கே இடுப்பை இடிக்குது. உங்களுக்கு ஒத்தைக் கால்கூட நுழையாது!"

"நுழையும். அது என் ஓடு."

"அளவு பார்க்காம ஆசைப்படுறீங்களே அண்ணே!"

"அளவு என்ன அளவு! பிறந்த ஊரு ஓடு!"

பொட்டு உப்பிலியைப் பார்த்தாள். உப்பிலி கண்ணைச் சிமிட்டினான். அவள் ஓட்டிலிருந்து வெளியே வந்து பாசிக்குள் ஒளிந்துகொண்டாள்.

கொடுக்கன் தன் ஓட்டைக் கழற்றி ஓரமாக வைத்தான். "இதோ வந்துடுறேன், பார்த்துக்குங்க!" என்று சொல்லிவிட்டு வரிக்கோட்டு ஓட்டுக்குள் பின்பக்கத்தைத் திணித்தான். வால் நுனி போனது. அதற்கு மேல் போகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு அழுத்து அழுத்தினான். வால் நுனி சிக்கிக்கொண்டது. இப்போது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை!

"சரி போதும்" என்று தன் ஓட்டை எடுக்கத் திரும்பினான்.

அதற்குள் பெருங்காலன் அண்ணாச்சி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்!

அந்த ஊர் வழக்கத்தைக் கொடுக்கன் மறந்தே போயிருந்தான். காலி ஓடு கண்ணில் பட்டால் ஊரே அளவுப்படி வரிசையில் நின்றுவிடும். பெரியவர் அதில் புகுவார். அவர் விட்டதில் அடுத்தவர், அவர் விட்டதில் அதற்கடுத்தவர். "பார்த்துக்குங்க" என்று சொன்னால் யாருக்குக் காது கேட்கும்? இமைப்பதற்குள், கடைசியில் நின்ற ஒரு பொடி நண்டைத் தவிர ஊரே ஓடு மாறிவிட்டது. பொட்டுவும் ஒரு புதிய ஓட்டில் இடுப்பை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி! அது என் வீடு!"

"கழற்றிப் போட்டியே தம்பி? ரெண்டு வருஷமா எனக்கு இடிக்குது. நான் மாறாம பின்னாடி இருக்கிறவன் எவனும் மாற முடியாது. ஊரே மூச்சு முட்டிக் கிடந்துது. நீ மகராசனா இருக்கணும்!"

கொடுக்கன் வாயைத் திறப்பதற்குள் தண்ணீரின் மேல் ஒரு நிழல் விழுந்தது.

"கொக்கு!" என்று கத்தினான் உப்பிலி.

நாற்பது நண்டும் சட்டென்று ஓட்டுக்குள் ஒடுங்கின. வெட்டவெளியில் நின்றது ஒரே ஒரு ஆள்தான். அம்மணமான முதுகு, வாலில் மாட்டிய சின்ன ஓடு, ஓட்டமெடுக்கத் தெரியாத கால். கொக்கு ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தது.

"ஏலே, மூலைக்கு ஓடு! அந்த வெள்ளைச் சங்கு! அதைத்தானே முதல்லேயே சொல்ல வந்தேன்!"

"அது ரொம்பப் பெருசுலே!"

"நீயும் பெருசுதான்! போ!"

கொடுக்கன் ஓடினான். வாலில் வரிக்கோட்டு ஓடு டடக் டடக் என்று கல்லில் இடித்தது. இழுபட்டு வேகம் குறைந்தது. கொக்கு கழுத்தை வளைத்தது. அப்போது பொட்டு ஓட்டோடு உருண்டு வந்து, வரிக்கோட்டு ஓட்டை இரண்டு கொடுக்காலும் கவ்விப் பிடித்தாள்.

"இழுங்க அண்ணே!"

ஒரே இழுப்பு! டப்பென்று கழன்றது. கொடுக்கன் பின்பக்கமாகவே வெள்ளைச் சங்குக்குள் பாய்ந்தான். கொடுக்கால் வாசலை அடைத்தான். பொட்டு தன் ஓட்டுக்குள் சுருண்டாள். கொக்கின் அலகு சங்கில் டொக்கென்று பட்டது. இன்னொரு தரம் டொக்! அலகு வலித்ததுதான் மிச்சம். "சங்கு தின்ன நான் என்ன பைத்தியமா!" என்று முணுமுணுத்துக்கொண்டு கொக்கு பறந்துவிட்டது.

குழி அமைதியானது. கொடுக்கன் உள்ளே மெல்ல அசைந்து பார்த்தான். முதுகில் குத்தவில்லை. விலாவில் குத்தவில்லை.

"எப்படி இருக்கு?" என்று உப்பிலி கேட்டான்.

"பட்டு மாதிரி இருக்குலே!"

குழி முழுக்கச் சிரிப்பு. "போன மழைக்கு அலை கொண்டுவந்து போட்டது தம்பி. இங்கே யாருக்கும் அந்த உடம்பு இல்ல. அதுக்கேத்த ஆளு வரணுமேன்னு காத்துக்கிட்டிருந்தோம்" என்றார் அண்ணாச்சி.

வரிக்கோட்டு ஓடு? அது காலியாகக் கிடக்குமா! நத்தைக்கூட்டில் ஒண்டிக்கொண்டிருந்த அந்தப் பொடி நண்டு எப்போதோ அதில் ஏறிவிட்டது. விளிம்பின் உடைசல் வழியே கண்ணை நீட்டி ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொடுக்கனும் சின்ன வயதில் அப்படித்தான் பார்ப்பான். இந்தத் தடவை அவனுக்குக் கோபம் வரவில்லை.

நாலு நாள் இருந்தான். எல்லாரோடும் பாசி தின்றான். போகும்போது வெள்ளைக் கல்லைத் தாண்டவில்லை. மரியாதையாக ஏறி, மறுபக்கம் வேண்டுமென்றே வழுக்கி விழுந்தான். ஊரே கைகொட்டியது.

"மறுபடி எப்ப வருவீங்க அண்ணே?" என்று பொட்டு கேட்டாள்.

"இந்த ஓடு இடிக்கும்போது! அப்ப உங்களுக்கும் இடிக்குமே! ஒரு பெரிய சங்கை உருட்டிக்கிட்டே வர்றேன்!"

பிறந்த ஊர் நமக்கென்று ஓர் இடம் வைத்திருக்கும். அதை, விட்டுப்போன அளவில் தேடாமல் வளர்ந்து வந்த அளவில் தேட வேண்டும்.