எட்டடி ராஜ்ஜியம்

பலவேசத்தின் சலூன் நிற்குமா, இடிபடுமா என்பது சர்வேயர் ஞானதிரவியத்தின் கையில் இருந்தது. அவரோ சவரத்துக்கென்று அங்கேயே வந்து உட்கார்ந்துவிட்டார். விடுவாரா பலவேசம்? நுரை போடும்போதே ஆரம்பித்துவிட்டார். என் முறைக்குக் காத்திருந்த நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

“இது பொறம்போக்குன்னு எவன் சார் சொன்னான்? தனி நாடு! மேக்க ஒரு ராசா, கெழக்க ஒரு ராசா. ரெண்டு பேரும் எல்லையை அளந்துகிட்டே வந்தாங்க. ஒருத்தர் கோலு நீளம், இன்னொருத்தர் கோலு கட்டை. கடைசியில நடுவுல எட்டடி ரெண்டு பேருக்கும் சேரல. எங்க பூட்டன் அதுல முக்காலியைப் போட்டு உக்காந்துட்டாரு. அன்னையில இருந்து அவருதான் ராசா.”

“படை?” என்றேன்.

“ஒரு வெள்ளாடு. அதுதான் தளபதி. ரெண்டு ராசாவுக்கும் சொந்த ஊருல கத்திக்குக் கழுத்தை நீட்டப் பயம். சவரத்துக்கு எங்க நாட்டுக்குத்தான் வரணும். ஒருக்கா சண்டை மூண்டுட்டு. ரெண்டு பக்கமும் நாலாயிரம் யானை. பூட்டன் ரெண்டு பேருக்கும் பாதி மீசையை வழிச்சுட்டுக் கத்தியை மடக்கிட்டாரு. ‘படையை வாபஸ் வாங்கு, மிச்சத்தை ஒதுக்குதேன்.’ அரை மீசையோட ராணி முகத்துல முழிக்க முடியுமா? திரும்ப இடமில்லாம யானை பூராவும் ரிவர்ஸ்லயே போச்சு.”

“யானை ரிவர்ஸ்ல போகுமா?” என்றேன்.

“அன்னைக்குப் போச்சு. பொறவு மறந்துட்டு.”

சர்வேயர் சிரிக்கவில்லை. பலவேசம் இன்னும் ஏறினார்.

“மழைகூட எல்லையில நிக்கும் சார். பூட்டன் துண்டை உதறினாத்தான் உள்ள வரும். வெள்ளைக்காரன் மேப்புல எங்க நாட்டுக்கு ஒரு புள்ளி வச்சான். பேனா முனை பெருசு, புள்ளி ரெண்டு ஜில்லாவை மூடிட்டு. பயந்துபோயி அழிச்சுட்டான். அதான் உங்க ரெக்கார்டுல இல்ல.”

“ஆக, எட்டடி” என்றார் சர்வேயர்.

“ஒரு நூலு கூடாது, கொறையாது. சத்தியம்!”

“வரும்போதே அளந்துட்டேன். கடை பன்னெண்டடி. மிச்ச நாலடி எங்க நாட்டு மேல படையெடுப்பா? நாளைக்குள்ள வாபஸ் வாங்கிருங்க.”

பலவேசத்தின் முகம் செத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் ராஜ வம்சம் அல்லவா? சர்வேயருக்கு ஒரு கன்னம்தான் வழித்திருந்தார். கத்தியை மடக்கி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

சர்வேயர் கண்ணாடியைப் பார்த்தார். துண்டை எடுத்து மறு கன்னத்து நுரையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

“அந்த ராசாக்களுக்கு வேற கடை இல்ல, அண்ணாச்சி. எனக்கு எதுத்தாப்புலயே ஒண்ணு இருக்கு.”