வலையில் பட்டு விழுந்த பந்து

“நான் ஜெயிச்சது செல்லாதும்மா,” என்றார் திலோ.

செங்கமலத்தம்மா ஈரப் போர்வை ஒன்றைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“எதை ஜெயிச்சீங்க?”

“ஒரு டென்னிஸ் போட்டியை. இருபது வருஷத்துக்கு முன்னாடி.”

“இருபது வருஷமா யோசிச்சுக்கிட்டே இருந்தா அப்படித்தான் தோணும். அந்த முனையைப் பிடிங்க.”

திலோ பிடித்தார்.

ஏற்காட்டு மலையில் செங்கமலத்தம்மாவுக்கு ஒரு மடம் இருக்கிறது. மடம் என்றதும் மலைத்துவிட வேண்டாம். இரண்டு அறை, ஒரு தகரக் கொட்டகை, துணி காயப் போட ஒரு முற்றம், அவ்வளவுதான். அம்மா முன்பு சேலத்தில் நர்ஸாக இருந்தவர். ஞானம் கேட்டு வருகிறவர்களையும் ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்களைப் போலத்தான் நடத்துவார்.

திலோ ஜெர்மனிக்காரர். அம்மாவைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பள்ளியை முடித்த கையோடு மட்டையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பி, முழங்கால் கெட்ட பிறகு திரும்பி வந்தவர். நடுவில் உலகம் முழுக்கத் தோற்றார். டென்னிஸில் அது ஒன்றும் கேவலம் இல்லை. ஒரு போட்டிக்கு எத்தனை பேர் வந்தாலும், ஒருத்தரைத் தவிர மற்ற எல்லோரும் தோற்றுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். அந்த ஒருத்தராகத் திலோ இருந்தது ஒரே ஒரு முறை.

அதில் வாங்கிய கோப்பை இப்போது அவருடைய முதுகுப்பைக்குள் இருந்தது. குளிர்காலம்தோறும் இங்கே வந்து, மடத்துச் சமையலறையில் வெங்காயம் நறுக்கியே தமிழ் கற்றுக்கொண்டவர் அவர். இந்த முறை வெங்காயத்தைத் தொடவே இல்லை. வந்ததும் வராததுமாகப் பையைத் திறந்து கோப்பையைக் காட்டினார்.

“அழகா இருக்கே. இதுக்கு என்ன குறைச்சல்?”

“ஃபைனல்ல எனக்கு எதிரா ஆடினது லூபோஷ்.”

“யாரு அவரு?”

“என் சிநேகிதன். செக் நாட்டுக்காரன். காசு இல்லாத காலத்துல ரெண்டு பேரும் ஒரே ரூம், ஒரே பீட்சா. சாக்ஸ்கூட மாத்தி மாத்திப் போட்டிருக்கோம்.”

“துவைச்சுட்டுதானே?”

“எப்பவாவது.”

அம்மா அடுத்த போர்வையை எடுத்தார். “சரி, ஃபைனல்ல என்ன ஆச்சு?”

“கடைசி பாயிண்ட். நான் அடிச்ச பந்து வலையோட மேல்பட்டையில பட்டுச்சு. அங்கேயே ஒரு நிமிஷம் யோசிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் அவன் பக்கமா விழுந்துச்சு. பாவம், அவன் ஓடி வந்தான், எட்டலை. நான் அடிச்ச அடிக்கு அது என் பக்கம்தாம்மா விழுந்திருக்கணும். எங்க ஊர்ல இன்னும் என்னை ‘வலைக்கார திலோ’ன்னுதான் கூப்பிடறாங்க.”

“லூபோஷ் என்ன சொன்னாரு?”

“தெரியாது. அதுக்கப்புறம் நான் அவனோட பேசவே இல்லை. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பேசறது?”

அம்மா போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

“கோப்பையை அவன்கிட்டயே கொடுத்துடலாம்னு இருக்கேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே கிளம்பிடுவேன். எனக்குக் கோப்பை வேண்டாம்மா. அவன் வேணும்.”

முதுகுப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பெரிய உருவம், பாவமாக இருந்தது.

“எனக்கு டென்னிஸ் தெரியாதே,” என்றார் அம்மா. “தெரியாத விஷயத்துல எப்படி சரின்னு சொல்றது? முதல்ல எனக்கு ஆடக் கத்துக்கொடுங்க.”

“இங்கேயா?”

அம்மா கஷ்டப்பட்டுக் காயப் போட்ட போர்வைகளை எல்லாம் மளமளவென்று உருவி எடுத்தார். வெறும் கயிறு மிஞ்சியது.

“இதுதான் வலை. மட்டை இல்லை, கையால வீசிக்கலாம். பந்துக்கு...” சுற்றும் முற்றும் பார்த்து, யாரோ பக்தர் கொண்டு வந்து வைத்திருந்த கூடையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்தார்.

ஆட்டம் தொடங்கியது.

திலோ முதலில் விட்டுக்கொடுத்துத்தான் ஆடினார். அம்மா கோட்டுக்கு வெளியே வீசிவிட்டு உள்ளே என்றார். கோடு எங்கே என்று கேட்டதற்கு, இப்போதுதான் நகர்ந்தது என்றார். கணக்கில் வேறு தாராளமாகக் கள்ளத்தனம் செய்தார். கொஞ்ச நேரத்தில் திலோவுக்குப் பழைய ரோஷம் வந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“ரெண்டு பேரும் சமம். இதுதான் கடைசி பாயிண்ட்,” என்றார் அம்மா.

சமம் இல்லை. திலோதான் முன்னே இருந்தார். ஆனால் வாதாட நேரம் இல்லை, ஆரஞ்சு வந்துகொண்டிருந்தது.

கயிற்றில் பட்டது. ஒரு குதி குதித்தது. திலோவின் பக்கம் பொத்தென்று விழுந்தது.

திலோ பாய்ந்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. போர்வைகள் சொட்டிச் சொட்டிச் சேறாகியிருந்த தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“ஜெயிச்சுட்டேன்!” அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினார். “ஜெர்மன்காரரை ஜெயிச்சுட்டேன்! டென்னிஸ்ல ஜெயிச்சுட்டேன்!”

திலோ சேற்றிலிருந்து தலையைத் தூக்கினார். “அம்மா, நீங்க மன்னிப்புக் கேக்கணும்.”

“எதுக்கு?”

“வலையில பட்டு விழுந்தா அது அதிர்ஷ்டம். அதுக்குக் கையைத் தூக்கி மன்னிப்புக் கேக்கணும். டென்னிஸ்ல அதுதான் வழக்கம்.”

“எனக்கு வருத்தமே இல்லையே!”

“யாருக்கும் இருக்காது. ஆனாலும் கேப்போம்.”

“என்னால முடியாது. நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன். நீங்க வேணும்னா கோவிச்சுக்குங்க.”

திலோ கோபித்துக்கொள்ளத்தான் பார்த்தார். முகமெல்லாம் சேறு. எதிரே அம்மா சின்னப் பெண்ணைப் போல மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் திலோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. சேற்றிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“தோத்துப் போயிட்டு என்ன சிரிப்பு?” என்றார் அம்மா.

“உங்களைப் பார்த்தா எனக்கும் சந்தோஷமா இருக்கு,” என்ற திலோ சட்டென்று நிறுத்தினார்.

அம்மா ஆரஞ்சை எடுத்துத் துடைத்து உரிக்கத் தொடங்கினார்.

“அன்னிக்கு நீங்க கையைத் தூக்கினீங்களா?”

“தூக்கினேன்.”

“வருத்தமா இருந்துச்சா?”

திலோ கன்னத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டார்.

“இல்லைம்மா. குதிக்கணும் போல இருந்துச்சு.”

“அதை லூபோஷ்கிட்ட சொன்னீங்களா?”

“எப்படிம்மா சொல்றது?”

“அவர் நம்பர் இருக்கா?”

“இருக்கு.”

“வாசல் கேட் பக்கத்துல நின்னா டவர் கிடைக்கும்.”

திலோ சேறும் சகதியுமாக வாசல் கேட் அருகே போய் நின்றார். மறுமுனையில் மணி அடித்தது. பேச்சு ஜெர்மன் மொழியில். அம்மாவுக்கு அதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆகையால் பக்கத்திலேயே நின்றுகொண்டு, சுளை தின்றபடி கவனமாகக் கேட்டார்.

“லூபோஷ், நான் திலோ பேசறேன்.”

அம்மா இன்னொரு சுளையைப் பிய்த்தார்.

“அன்னிக்கு நான் கையைத் தூக்கினது பொய்டா. எனக்கு ஒரு துளிகூட வருத்தம் இல்லை. பந்து உன் பக்கம் விழுந்ததும் குதிக்கணும் போல இருந்துச்சு. இதைத்தான் சொல்லணும்னு கூப்பிட்டேன்.”

“குதிச்சிருக்க வேண்டியதுதானே?”

“நீ தோத்துப்போய் நிக்கும்போதா?”

“நான் தோத்ததை என்னைக்கோ மறந்துட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் உன் ரூமுக்கு வந்தேனே, அது ஞாபகம் இருக்கா?”

திலோவின் முகம் மாறியது. “யாரோ தட்டினாங்க. நான் திறக்கலை.”

“தட்டினது நான்தான். கையில ஒரு ஒயின் பாட்டில். எத்தனை வருஷமா ரெண்டு பேரும் தோத்துக்கிட்டே இருந்தோம்! நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தன் ஜெயிச்சுட்டான்னு கொண்டாட வந்தேன். நீ உள்ளேயே இருந்துக்கிட்டு இல்லாத மாதிரி படுத்துக்கிட்டே. வராந்தாவுல தனியா உக்காந்து குடிச்சேன். பந்தாவது மண்ணாவது! இருபது வருஷமா எனக்குக் கோபம் அந்தக் கதவு மேலதான்.”

திலோ கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். போனைக் காதில் வைத்தபடியே அழுதார். அழுகை நடுவில் சிரிப்பாக மாறியது. அந்தப் பக்கமும் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

திலோ புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“கோப்பையோட வந்தா கதவைத் திறக்க மாட்டானாம். ஒயினோட வரச் சொல்றான்.”