எல்முத்துக்கு விழுந்த தனி இலை

மணல்துறை நகராட்சிக்கு ஒரு ஜெர்மன்காரர் சேர்மன் என்றால் வெளியூரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஹெல்முட் என்று அவருடைய தாய் வைத்த பெயர் வாயில் நுழையாமல், எல்முத்து என்று மாற்றிக் கூப்பிட்டு, இரண்டு தடவை ஓட்டும் போட்டு நாற்காலியில் உட்கார வைத்த ஊர் அது.

அரிசி ஆலைக்கு மெஷின் பூட்ட ஆறு மாதத்துக்கென்று வந்தவர். முப்பத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. நடுவில் இந்தியக் குடியுரிமை வாங்கினார். ஆலைக்குப் பின்னாலிருந்த அறையில் ஒரு நிதி ஆரம்பித்தார், அதுவே ஊருக்கு பேங்க் ஆகிவிட்டது. கல்யாணம்தான் செய்துகொள்ளவில்லை. கேட்டால் நேரமில்லை என்பார்.

அந்த மனுஷர் ஒரு வியாழக்கிழமை காலையில், உப்பளத்துப் பக்கம் இருக்கும் தையல்நாயகி அம்மாவின் மடத்துக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம்.

அம்மாவுக்கு அவரைவிடப் பதிமூன்று வயது குறைவு. ஆனாலும் அம்மாதான் குரு, இவர்தான் சீடர். பதினோரு வருஷமாக வியாழன் தவறாமல் வருவார். வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மற்ற சீடர்களோடு அடுப்படிக்குப் போய்விடுவார். மதியம் வழிப்போக்கர்களுக்கு மடத்தில் சாப்பாடு உண்டு.

அன்று சட்டையைக் கழற்றவில்லை.

"அம்மா, நான் போறேன். திங்கட்கிழமை ராஜினாமா. செவ்வாய்க்கிழமை விமானம். இனிமே ஜெர்மனிதான்."

"அங்க யாரு இருக்கா?"

"தங்கச்சி மகன் ஒருத்தன். முகம்கூட ஞாபகம் இல்லை."

"என்ன நடந்துச்சு?"

கேட்டதுதான் தாமதம், எல்முத்து கொட்டித் தீர்த்துவிட்டார்.

"கலியபெருமாள் பொண்ணு கல்யாணம் அம்மா. நம்ம நிதி கேஷியர் கலியபெருமாள். இருபத்தாறு வருஷமா எனக்குப் பக்கத்து மேஜை. இந்த ஊர்ல எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எனக்கு வாசல்லயே மாலை. முதல் பந்தியில முதல் இலை. தனியா நாற்காலி, ஸ்பூன், காரம் கம்மியா ஒரு குழம்பு. இந்தத் தடவை வாசல்ல ஒருத்தர் வாங்கன்னு சொல்லலை!"

"சரி."

"உள்ள போனா, கலியபெருமாள் சம்சாரம் மீனாம்பாள் சாம்பார் வாளியைத் தூக்கி என் கையில குடுக்குது. 'அந்த வரிசைக்கு இன்னும் போகலை, சீக்கிரம் ஓடுங்க'ங்குது. ஒரு சேர்மன் கையில சாம்பார் வாளி!"

"ஊத்தினீங்களா?"

"ஊத்தாம? மூணு பந்திக்கு ஊத்தினேன். புதுச் சட்டை, பூரா மஞ்சள். கடைசிப் பந்தியிலதான் எனக்கு இலை விழுந்தது. பாயசம் தீர்ந்து போச்சு. அப்பளம் தூள்."

சொல்லும்போதே அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அறுபத்தொரு வயசில் அப்பளத்துக்கு அழுகிற ஆள் அவர் இல்லை. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"குடிதண்ணி கொண்டாந்தேன் அம்மா. மார்க்கெட் கட்டினேன். எல்லாம் முடிஞ்சதும் ஒதுக்கிட்டாங்க. இந்த ஊருக்கு நான் யாரு? அதை மட்டும் சொல்லுங்க, கேட்டுட்டுப் போயிடுறேன்."

அம்மா மெல்ல எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

"வாங்க துரை. உட்காருங்க."

எல்முத்து திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. அவரைத்தான் சொல்கிறார். எப்போதும் 'என்ன எல்முத்து, இன்னைக்கு லேட்டு' என்று கேட்கிற அம்மா. துரையாம்!

மடத்தில் இருந்த ஒரே நாற்காலியைச் சீடர்கள் கொண்டுவந்து துண்டால் தட்டிப் போட்டார்கள். அவர்களில் ஒருவர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற உத்திராபதி, சாமிக்குக் கட்டி வைத்திருந்த மாலை ஒன்றை எடுத்துவந்து அவர் கழுத்தில் போட்டார். போட்டுவிட்டு நாலடி தள்ளிக் கைகட்டி நின்றார்.

கிண்டலோ என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தார் எல்முத்து. சிரிப்பின் அடையாளமே இல்லை. மனசார வரவேற்கிற முகம்தான். அதுதான் அவருக்கு இன்னும் குழப்பமாகப் போயிற்று.

கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். அடுப்படியில் அண்டாவை இழுக்கிற சத்தம் கேட்டது. இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய், "தள்ளு உத்திராபதி, ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்" என்றார்.

உத்திராபதி பதறிவிட்டார். "ஐயையோ, நீங்க இதையெல்லாம் தொடலாமா? போய் உட்காருங்க துரை."

போன வியாழக்கிழமை, 'உப்புப் போடச் சொன்னா உப்பளத்தையே கொட்டி வச்சிருக்கியேய்யா' என்று இதே அடுப்படியில் இவரை வைது தீர்த்த அதே உத்திராபதிதான். எல்முத்து ஒன்றும் புரியாமல் நாற்காலிக்குத் திரும்பினார். மாலை கழுத்தை அரித்தது. கழற்றலாமா கூடாதா என்றும் தெரியவில்லை.

மதியம் ஆயிற்று. மடத்து வாசலில் வழிப்போக்கர்கள் நூறு பேர் சாப்பாட்டுக்கு வந்து நின்றார்கள். அவர்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நடுக்கூடத்தில் ஒரு மேஜை வந்தது. அதன்மேல் ஒரே ஒரு தலைவாழை இலை. பக்கத்தில் ஸ்பூன்.

"சாப்பிடுங்க துரை" என்றார் அம்மா.

காரமில்லாத குழம்பு வந்தது. முழுசு முழுசாக நாலு அப்பளம். பாயசம் இரண்டு கிண்ணம். அம்மாவே பக்கத்தில் நின்று விசிறினார். சீடர்கள் வரிசையாகச் சுவரோரம் நின்றார்கள். ஒருத்தர் பேச வேண்டுமே! இலையில் அப்பளம் நொறுங்குகிற சத்தம் அவர் காதுக்கே பெரிசாகக் கேட்டது.

ஒரு வாய் பாயசம் எடுத்தார். நல்ல பாயசம். இறங்க மாட்டேன் என்றது.

என்ன தப்புச் செய்தேன்? போகிறேன் என்று சொன்னதற்குக் கோபமா? கோபமென்றால் திட்டலாமே. இவர்களுக்குத் திட்டத் தெரியாதா என்ன?

வாசலில் நின்ற ஒரு அம்மாள் பசி பொறுக்காமல் எட்டிப் பார்த்து உத்திராபதியிடம் கேட்டாள்.

"யாருங்க அது?"

"யாரோ வெளிநாட்டுக்காரர்மா. மடத்தைப் பார்க்க வந்திருக்காரு."

ஸ்பூன் இலையில் விழுந்தது.

"உத்திராபதி!" எல்முத்து எழுந்துவிட்டார். "நான் யாரோவா? பதினோரு வருஷமா உன்கூட இந்த அடுப்படியில வெந்திருக்கேன், நான் யாரோவா?" அம்மாவிடம் திரும்பினார். கண்ணில் தண்ணீர் நின்றது. "போதும் அம்மா. என்ன வேணும்னாலும் திட்டுங்க, வாங்கிக்கிறேன். இப்படி மாலையைப் போட்டு, இலையைப் போட்டு, என்னை ஒரு வெளியாள் மாதிரி..."

என்ன சொல்ல வந்தோம் என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

அம்மா விசிறியைக் கீழே வைத்தார்.

"கல்யாணத்துல அந்தக் கடைசிப் பந்தியில உங்களோட யாரெல்லாம் உட்கார்ந்தாங்க?"

எல்முத்து யோசித்தார். வலது பக்கம் கலியபெருமாள். இடது பக்கம் மீனாம்பாள். எதிரே பெண்ணின் தாய்மாமன். அவ்வளவுதான், வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாருமில்லை.

எல்முத்து தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் இப்ப என்ன செய்யட்டும் அம்மா?"

"விருந்தாளின்னா கையைக் கழுவிட்டுக் கிளம்புங்க துரை" என்றார் அம்மா. "இல்லைன்னா, வாசல்ல நூறு பேரு பசியோட நிக்கிறாங்க, எல்முத்து."