கொண்டையனின் நாற்பத்தோராவது நிபந்தனை

பாசிக்குட்டைக் கரையில் தும்பை என்ற சருகுமான் வாழ்ந்து வந்தாள். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிய உடம்பு. பயம் மட்டும் யானை அளவு!

கோடை வந்தது. காட்டில் இருந்த ஓடைகள் எல்லாம் வற்றிவிட்டன. பாசிக்குட்டையில் மட்டும்தான் தண்ணீர். அது சிறுத்தைக்கும் தெரியும். குனிந்து குடித்தால் பின்னால் வருவது தெரியாது. நிமிர்ந்து பார்த்தால் குடிக்க முடியாது. தும்பை என்னதான் செய்வாள், பாவம்!

குட்டைக்குப் பக்கத்தில் உயரமான மரம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஓர் இலவமரம். அதன் உச்சியில் இருந்த கொண்டையன் என்ற குரங்கு ஒரு சேவை தொடங்கினான். மரத்திலிருந்து நீளநீளமாகச் சீந்தில் கொடிகளைத் தொங்கவிட்டான். கொடியின் நுனியைக் காலில் லேசாகச் சுற்றிக்கொண்டு நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கலாம். சிறுத்தையின் தலை தெரிந்தால் மேலேயிருந்து கொண்டையன் ஒரு இழு இழுப்பான். உடனே எடுக்க வேண்டியதுதான் ஓட்டம்! பதிலுக்குத் தினமும் காலையில் அவனுக்கு அத்திப்பழம் கொண்டுவர வேண்டும்.

"இணைப்பு வேணுமா? இதுல குளம்பை வை!" என்று ஒரு வாழையிலையை நீட்டினான் கொண்டையன். அதில் நகத்தால் கீறி அறுபத்து நான்கு நிபந்தனைகள். எறும்பே கண்ணாடி கேட்கும், அவ்வளவு பொடி எழுத்து.

"இதெல்லாம் என்னங்கண்ணே?" என்றாள் தும்பை.

"சும்மா, வழக்கமா எழுதுறதுதான். மிளாமான் வச்சாச்சு, பன்றி வச்சாச்சு, ஒருத்தரும் படிக்கல. நீ மட்டும் என்ன பரீட்சைக்கா போற?"

தும்பைக்கு நாக்கு வறண்டு கிடந்தது. நேராக இலையின் அடிக்குப் போனாள். டப்பென்று குளம்பை வைத்தாள். நாமும் அப்படித்தானே செய்கிறோம், அவளை மட்டும் சொல்லி என்ன பயன்!

சில நாள் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒரு நாள் கொடி இழுபட்டது. தும்பை விழுந்தடித்து ஓடி முட்புதரில் மாட்டிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால், வந்தது ஒரு மயில்!

"அண்ணே, கொஞ்சம் பார்த்து இழுங்களேன்! மயிலுக்கெல்லாமா ஓடணும்?" என்றாள். கரையில் நின்ற விலங்குகள் கொல்லென்று சிரித்துவிட்டன. கொண்டையனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

மறுநாள் தும்பை குனிந்து தண்ணீரில் வாய் வைத்தாள். மேலே 'நறுக்'கென்று ஒரு சத்தம். அறுந்த கொடி அவள் முதுகிலேயே வந்து விழுந்தது.

"இணைப்பு நிறுத்தப்பட்டது!" என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

"ஏன்?" என்று கேட்க வாயைத் திறந்தாள். எதிர்ப் புதரில் சிறுத்தையின் மீசை தெரிந்தது! தும்பை சேற்றுக்குள் பாய்ந்தாள். சிறுத்தையும் பாய்ந்தது. நல்லவேளை, சேறு வழுக்கி அது குட்டைக்குள் குப்புற விழுந்தது. தும்பை மயிரிழையில் தப்பினாள்.

அதன் பிறகு இரண்டு நாள் குட்டைப் பக்கமே அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. தொண்டை ஒட்டிக்கொண்டது. கண் இருட்டியது. மூன்றாம் நாள், 'தாகத்தில் சாவதா, சிறுத்தை வாயில் சாவதா? இரண்டுமே வேண்டாம், நியாயம் கேட்டுப் பார்ப்போம்' என்று கொம்பாயி அம்மாளிடம் போனாள்.

கொம்பாயி அம்மாள் ஒரு காட்டெருமை. அந்தக் காட்டில் வழக்கு என்றால் அவர்தான். எதையும் அசைபோடாமல் தீர்ப்புச் சொல்லமாட்டார். பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே வாயில் போட்டு அசைபோடுவார்.

கொம்பாயி கூப்பிட்டனுப்ப, கொண்டையன் காய்ந்துபோன வாழையிலையோடு வந்தான். "அம்மா, இது இவ குளம்புதானான்னு கேளுங்க!"

"என் குளம்புதான்," என்றாள் தும்பை.

"முடிஞ்சுது வழக்கு! நாற்பத்தோராவது நிபந்தனையைக் கேட்டுக்கங்க!" கொண்டையன் தொண்டையைச் செருமிக்கொண்டு ராஜ தோரணையில் வாசித்தான். "'நாம் விரும்பும் எந்த நேரத்திலும், காரணமோ முன்னறிவிப்போ இன்றி, இணைப்பை நிறுத்தலாம்.' நிறுத்தியாச்சு. அவ்வளவுதான்!"

கூடியிருந்த விலங்குகளின் முகம் தொங்கிப்போயிற்று. அவற்றின் குளம்பும் அதே மாதிரி இலைகளில்தான் இருந்தது. தும்பைக்கு அழுகை முட்டியது. குளம்பு வைத்த இலையில் இருப்பதை இன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறாள்!

"அண்ணே, இன்னொரு தடவை படிங்க."

படித்தான்.

"இன்னொரு தடவை."

"உனக்குக் காது கேக்கலையா? 'நாம் விரும்பும் எந்த...'"

"'நாம்'னா யாருங்கண்ணே?"

"நான்தான்! ராஜாக்கள் அப்படித்தான் சொல்லுவாங்க. வெறும் 'நான்'னு எழுதினா அதுல என்ன கெத்து இருக்கு?"

கொம்பாயியின் வாய் அசைவது சட்டென்று நின்றது. "அது கெடக்கட்டும். வெயில் தாங்கல கொண்டையா. நாம போய்க் கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வருவோமா?"

"ஓ, போலாமே!" என்று கொண்டையன் துள்ளி எழுந்தான்.

"நீ எங்க எந்திரிக்கிற? நான் என்னை மட்டும்தானே சொன்னேன்?"

"அதெப்படி! 'நாம'ன்னு சொன்னீங்களே! 'நாம'ன்னா நீங்களும் நா..." கொண்டையன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

விலங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன.

"ஆக, நீயும் அவளும் சேர்ந்து விரும்பினாத்தான் நிறுத்தலாம்," என்றார் கொம்பாயி. "தும்பை, நீ விரும்பினியா?"

"சிறுத்தை வர்ற நேரத்துலயா? ஐயோ, இல்லம்மா!"

"அநியாயம்! நான் அந்த அர்த்தத்துல எழுதவே இல்ல!" என்று குதித்தான் கொண்டையன்.

"எழுதினது நீ. கண்ணுக்குத் தெரியாத மாதிரி எழுதினதும் நீ. அர்த்தத்துல சந்தேகம் வந்தா அது உன் தலையிலதான் விடியும்."

"அப்போ இந்த நிமிஷமே 'நான்'னு திருத்திடறேன்!"

கொம்பாயி மறுபடியும் அசைபோட்டார். மரநிழல் ஓர் அடி நகர்ந்தது.

"திருத்திக்கோ. அப்பவும் செல்லாது. சேவையை நிறுத்த உனக்கு உரிமை உண்டு. ஆனா அவ கரையேறின பிறகு, ஏன்னு சொல்லி, வேற வழி தேட நாலு நாள் குடுத்து நிறுத்தணும். இங்க வேற மரமும் இல்ல, இவளுக்கு வேற குட்டையும் இல்ல. அப்படிப்பட்டவகிட்ட வாங்கின குளம்பைக் காட்டி, தண்ணியில வாய் வச்சிருக்கும்போது அறுப்பேன்னா அதுக்குப் பேரு நிபந்தனை இல்ல, கொலை! போய்க் கொடியைக் கட்டு!"

கொண்டையன் கட்டினான். தும்பை குனிந்து குடித்தாள். குடித்தாள், குடித்துக்கொண்டே இருந்தாள். உச்சியில் வெயில் கொளுத்தியது. கொண்டையனுக்கோ பசி வயிற்றைக் கிள்ளியது. அவள் கரையேறும்வரை கொடியை விட்டு அசையவும் முடியாது.

"தும்பையம்மா! நான் கொஞ்சம் கீழ இறங்கிக்கலாமா?" என்று கெஞ்சினான்.

தும்பை தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இருங்கண்ணே, மூணு நாள் தாகம்!" என்றாள்.

குழந்தைகளே, தன் வசதிக்கு மட்டும் ஒருவர் எழுதிக்கொண்ட நிபந்தனை, அடுத்தவர் குளம்பு பதிந்திருப்பதால் மட்டுமே நியாயம் ஆகிவிடாது.