இருவருக்கு ஒரு தூண்டில்

நோர்வே நாட்டின் வடகோடியில், ஆறொன்று கடலோடு கலக்கும் சிற்றூரில், தையல்நாயகி என்னும் அம்மையார் வாழ்ந்து வந்தார். வாரத்தில் ஐந்து நாள் மீன் தொழிற்சாலையில் கத்தி பிடிப்பார். ஞாயிறுதோறும் ஊர் மண்டபத்தில் பதிகம் ஓதி, கேட்க வந்தவர்க்குப் பொருள் உரைப்பார்.

குகதாசன் அவருக்கு ஏழு வயது மூத்தவர். தொழிற்சாலையில் அதே மேசையில் எதிரே நின்று வேலை செய்பவர். ஆயினும் அவரிடம் பாடம் கேட்கத் தொடங்கிய நாள் முதல் 'அம்மா' என்றே அழைத்தார். தையல்நாயகியோ 'அண்ணை' என்று அழைப்பதை விடவில்லை.

வைகாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், ஓதல் முடிந்து எல்லோரும் சென்ற பின்னர், குகதாசன் இரண்டு தூண்டில்களையும் சுருட்டிய தாள் ஒன்றையும் எடுத்து வந்தார். தையல்நாயகி பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"உதென்ன அண்ணை, பதிகம் கேக்க ஆயுதத்தோடை வாறியள்?"

"அடுத்த மாதம் ஆறு திறக்குது அம்மா. மூண்டு நாள் போறன். திட்டம் போட்டிருக்கிறன். ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

அந்நாட்டில் ஆண்டுக்குச் சில கிழமைகளே ஆற்றில் தூண்டில் இடலாம். கடலிலிருந்து சால்மன் மீனும், அதன் பின்னே கடல் ட்ரவுட் மீனும் ஆற்றில் ஏறி வரும் காலம் அது.

"ஆரோடை போறியள்?"

"அண்ணனோடை."

தையல்நாயகி பாயைக் கீழே வைத்தார்.

குகதாசனின் தமையன் கதிர்காமநாதன் தெற்கே ஒரு நகரில் இருந்தார். ஆறு ஆண்டுகளாக இருவர்க்கும் பேச்சில்லை. பிறந்த ஊரான வடமராட்சியில் தாய் இறந்தபோது தமையன் முந்தி ஊரை அடைந்தார். குகதாசனைப் பனிப்புயல் விமான நிலையத்தில் ஒன்றரை நாள் மறித்துவிட்டது. தாய்க்குக் கொள்ளி வைப்பது இளைய மகனின் கடன். அவர் படலையைத் திறந்து உள்ளே சென்றபோது எல்லாம் முடிந்து, பெண்கள் முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தனர். கொள்ளி வைத்தவர் தமையன்.

"எப்பிடி வரச் சம்மதிச்சவர்?" என்று தையல்நாயகி கேட்டார்.

"கடிதம் போட்டனான். 'வாறன்' எண்டு ஒரு சொல் எழுதியிருக்கிறார். அறுபத்தாறு வயது. ஒருக்கா நெஞ்சிலை ஒப்பரேசனும் முடிஞ்சுது. இந்த மூண்டு நாளும் பிழையாய்ப் போனால் இனியொரு தருணம் இல்லை அம்மா."

அவர் தாளை விரித்தார். மேலே அருவியும் வளைவுமாக ஆற்றின் படம், கீழே ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. ஆற்று நீர் தெளிந்திருந்தால் ஈயைப் போல் இறகால் கட்டிய இன்ன பொய் இரை, கலங்கியிருந்தால் இன்னது என்று எழுதியிருந்தார். நோய்க்கிருமி ஆற்றுக்குள் புகாதபடி கருவிகளை எங்கே கழுவிச் சான்றிதழ் வாங்குவது என்பதும் இருந்தது. சோறு, கட்டச் சம்பல், மாற்றுக் காலுறை எதுவும் விடுபடவில்லை.

தையல்நாயகி தாளின் மேல் விரலை வைத்தார்.

"இதிலை அண்ணன் எங்கை நிக்கிறார்?"

"அருவிக்குக் கீழை. அதுதான் திறமான இடம். அவருக்கு விட்டிருக்கிறன்."

"நீங்கள்?"

"கீழ் வளைவிலை. அரை மைல் தூரம் இருக்கும்."

"கூப்பிட்டால் கேக்குமோ?"

"அருவிச் சத்தத்திலை கேக்காது."

"சாப்பாடு?"

"மாறி மாறித்தான். மீன் ஏறுற நேரம் இரண்டு பேரும் ஒரேயடியாய்த் தண்ணியை விட்டு வரக்கூடாது."

"படுக்கை?"

"அந்த மாதம் இஞ்சை இரவிலையும் சூரியன் மறையாதுதானே. அவர் படுக்கேக்கை நான் வீசுவன். நான் படுக்கேக்கை அவர் வீசுவார்."

"கெட்டிக்காரன் அண்ணை நீங்கள். ஒருத்தரின்ரை முகத்தை ஒருத்தர் பாக்காமலே மூண்டு நாளையும் கடத்திப்போடுவியள்."

குகதாசன் சிரிக்கவில்லை.

"பேச்செடுத்தால் பிழையாய்ப் போகும். ஒரு நல்ல மீன் பட்டால் மனம் தானாய் இளகும் எண்டு நினைச்சன். அதுக்குத்தான் இவ்வளவு திட்டம். லேசான காரியமில்லை அம்மா. ஆத்துக்குள்ளை வந்த சால்மன் ஒண்டும் தின்னாது."

"தின்னாத மீன் தூண்டிலை ஏன் கவ்வுது?"

"ஒருத்தருக்கும் சரியாய்த் தெரியாது. கோபத்திலை எண்டு சில பேர் சொல்லுவினம். கடலிலை திண்ட ஞாபகத்திலை எண்டு சில பேர்."

"உங்கடை அண்ணன் வசதியாய் இருக்கிறார்தானே?"

"ஓம். பிள்ளையள் டொக்டர்மார். அவருக்கு என்னட்டை ஒண்டும் தேவையில்லை."

"அப்ப ஏன் வாறார்?"

குகதாசன் தாளின் ஓரத்தை மடித்தார், பிறகு நிமிர்த்தினார்.

வெளியே யாரோ காரின் பனிக்காலத்துச் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தனர். இரும்பு தட்டும் ஓசை சற்று நேரம் கேட்டு ஓய்ந்தது.

"அம்மாவின்ரை கொள்ளி முடிஞ்ச அண்டைக்கு அண்ணனிட்டை என்ன கேட்டனீங்கள்?" என்றார் தையல்நாயகி.

"'ஒரு நாள் பொறுக்க உனக்கு ஏலாமல் போச்சோ?' எண்டு கேட்டனான். முற்றத்திலை, எல்லாருக்கும் முன்னாலை."

"அதுக்கு அவர் என்ன சொன்னவர்?"

"நான் மறுமொழிக்கு நிக்கேல்லை. பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலை ஏறிட்டன்."

தையல்நாயகி எழுந்தார். சுவரில் சாத்தியிருந்த இரண்டு தூண்டில்களையும் பார்த்தார். பழையதை எடுத்துச் சென்று, மண்டபம் கூட்டும் தும்புத்தடிகள் இருந்த அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். திறப்பைத் தம் சட்டைப் பைக்குள் இட்டுக்கொண்டார்.

"அம்மா, அது என்ரை தூண்டில்."

"தெரியும். போய் வந்து எடுங்கோ."

"ஆத்திலை தூண்டில் போட இரண்டு சீட்டுக் கேட்டு எழுதிட்டன்."

"ஒண்டு போதும் எண்டு திருப்பி எழுதுங்கோ. ஒரு தூண்டிலுக்கு இரண்டு பேர் போறதும் இஞ்சை வழக்கம்தானே?"

அந்த ஆற்றில் அத்தகைய வழக்கம் உண்டு. ஒரு தூண்டிலுக்குச் சீட்டு வாங்கி இருவர் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் வீசும்போது மற்றவர் கரையில் இருத்தல் வேண்டும்.

"அப்ப பாதி நேரம் ஒராள் சும்மா குந்தியிருக்க வேணும்," என்றார் குகதாசன்.

"ஓம்."

"பிடிபடுற மீனும் பாதியாய்க் குறையும்."

"ஒரு நாளைக்கு எத்தினை மீன் வெட்டுறம் அண்ணை? குறையிறதை நான் மேசையிலையிருந்து தாறன்."

இம்முறை குகதாசன் சிரித்தார். சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. பென்சிலை எடுத்து, கீழ் வளைவில் எழுதியிருந்த தம் பெயரை மெல்ல அழித்தார். அருவியருகே, தமையன் பெயருக்குப் பக்கத்தில், கரையில் கிடக்கும் ஒரு கல்லைச் சிறு வட்டமாக வரைந்தார்.

"அண்ணன் மூத்தவர். முதலிலை அவர் வீசட்டும்," என்றார்.

"நல்லது."

"ஆனால் அவரை எனக்குத் தெரியும் அம்மா. கையிலை எடுத்தால் லேசிலை தரமாட்டார். நான் எவ்வளவு நேரம் கரையிலை இருக்கிறது?"

தையல்நாயகி கீழே கிடந்த பாயை மீண்டும் எடுத்துச் சுருட்டினார்.

"ஆறு வருசத்துக்கு முந்திக் கேட்ட கேள்விக்கு அவர் மறுமொழி சொல்லி முடிக்கும்வரைக்கும்."